இடது பெருவிரல்

அப்பாவின் உச்சியில் வைத்த அரப்பு வழிந்து காதுக்குள் இறங்கியது. புனிதவதி சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தாள்.

"பாத்து வை பிள்ளை, காதுக்குள்ள போகுது," என்றாள் அம்மா கமலாம்பிகை. காதுக்குள் போனால் மனிதருக்கு இன்னும் நோகும் என்பதுபோல இருந்தது அவள் சொன்ன விதம். நாற்பது வருடம் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு மூன்று நாளில் அந்தப் பழக்கம் விட்டுப்போகுமா?

குளிப்பாட்டல் என்று பெயர்தான். பியூனரல் ஹோம்காரர் ஏற்கனவே கழுவித் துடைத்து, வேட்டி சால்வையோடு அப்பா இராசரத்தினத்தைக் கிடத்தியிருந்தார்கள். எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது, பால் தரையில் சிந்தக்கூடாது, முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று மூன்று கட்டளைகள். சனம் வெளியே கூடத்தில் நின்றது. உள்ளே அம்மா, புனிதவதி, அவளுடைய கணவன் ஜெயரட்ணம், தம்பி பிரியந்தன், ஐயர், இவ்வளவு பேர்தான்.

அவள் ஈரத்துணியால் அப்பாவின் கைகளைத் துடைத்தாள். வலது கை முடிந்தது. இடது கையைத் திருப்பியபோது பெருவிரலில் ஊதா மை தெரிந்தது. நகத்தின் ஓரத்திலும் ரேகைகளுக்குள்ளும் ஏறிக் காய்ந்திருந்தது. இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

போகாது என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிற மை அது. மழையில் நனைந்தாலும் அழியக்கூடாது என்று அப்பா தேடிப்பிடித்து வாங்கியது. ஆவணி மாதம் முழுவதும் அவளுடைய விரல்களும் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆனால் இது ஏப்ரல். பெட்டியும் இல்லை, காயும் இல்லை. மை தோட்டத்துக் கொட்டிலில் இருக்கிறது. அப்பா ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து புதன்கிழமை பின்னேரம் கண்ணை மூடினவர். மை தானாக நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகுமா?

இடதுகைப் பெருவிரலுக்கு எங்கள் சனத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. ஊரில் நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் காணி உறுதி எழுதும்போது, கையெழுத்துப் போடத் தெரிந்தவனும் பக்கத்தில் இடதுகைப் பெருவிரலை உருட்டவேண்டும். கனடாவுக்கு வருவதற்கென்று அப்பா காணி விற்ற அன்றைக்குப் புனிதவதியும் கூடப் போயிருந்தாள். உறுதியைக் கொடுத்துவிட்டு வந்து, தேங்காயெண்ணெய் போட்டு அவர் இருட்டும்வரை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பிரியந்தன் மேசையின் மறுபக்கத்தில் நின்றான். வலது கையால் அரப்பு எடுத்து அப்பாவின் தலையில் வைத்தான். இடது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உடுப்பு மாற்றுவதற்காக அவன் வெளியே போன நேரம் பார்த்து ஜெயரட்ணத்திடம் மெல்லச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அப்பான்ரை பெருவிரலிலை மை."

ஜெயரட்ணம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்த வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் என்று அவனைப் பற்றி அப்பா ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இன்றைக்கும் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"நான் மாரிக்கே சொன்னனான்," என்றான். "நீதான் தம்பி, தம்பி எண்டு நிண்டனி."

அவன் சொன்னது உண்மைதான். பனி கொட்டின மாரி முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

காணி விட்பிக்கு வடக்கே இருந்தது. இருபத்து நான்கு ஏக்கர், ஒரு பழைய வீடு, ஒரு கொட்டில். எண்பத்தாறில் இராசரத்தினம் அதை வாங்கினபோது ஸ்காபரோ முழுக்கச் சிரித்தது. பனிக்குள் தோட்டம் செய்யப் போகிறாராம் என்றார்கள். மனிதர் இரவில் ஆணி செய்யும் தொழிற்சாலையில் நின்றார், பகலில் கத்தரி வைத்தார், பாகல் படரவிட்டார், பச்சைமிளகாயைச் சாக்கில் கட்டித் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோனார். சிரித்தவர்களே கடையில் நின்று, இது ராசரண்ணையின்ரை கத்தரிக்காயோ என்று கேட்டு வாங்கினார்கள்.

பிறகு வீடுகள் வந்தன. பிக்கரிங்கைத் தாண்டி, விட்பியைத் தாண்டி, ஒவ்வொரு வருடமும் ஒரு தெருவாகக் காணியை நோக்கி வந்துகொண்டிருந்தன. பக்கத்துக் காணிக்காரரான வெள்ளைக்காரக் கிழவர் போன வருடம் செத்தார். பிள்ளைகள் நகரத்தில் உத்தியோகம், காணி வேறு யாருக்கோ குத்தகை. இந்த நாட்டுச் சட்டத்தில், ஒருவன் சாகிற அன்றைக்கே அவன் தன் காணியை விற்றுவிட்டதாகக் கணக்கு. வாங்கின விலைக்கும் அன்றைய விலைக்கும் இடையிலுள்ளதற்கு வரி. முன்பு எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலுகை இருந்தது. தொண்ணூற்று நாலாம் ஆண்டு பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். விவசாயிக்கென்று தனியாக இருந்த சலுகையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கும், செத்தவரோ அவருடைய மனைவி பிள்ளைகளோ அந்த மண்ணில் உண்மையாகப் பயிர் செய்து, அதையே பிழைப்பாக வைத்திருக்கவேண்டும். கிழவரின் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. வரி கட்டுவதற்காகவே காணியை விற்றார்கள். இப்போது அங்கே நாற்பது வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக் கிடக்கிறது.

அந்தக் கிழவரின் சாமான்களை ஏலம் போட்ட அன்று அப்பா போய் ஒரு நாற்று நடுகிற கருவி வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் பிக்கப் வண்டியை விட்டு இறங்காமல் அரைமணி நேரம் அதற்குள்ளேயே இருந்தார். அதன்பிறகு ஸ்காபரோவில் வரிக்கணக்குப் பார்க்கிற நீக்கிலாப்பிள்ளையின் ஒப்பீசுக்கு அவர் போகாத மாதம் இல்லை.

"விளங்குதோ உனக்கு?" என்று ஜெயரட்ணம் மில்லிக்கனில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்பான். "பயிர் செய்யிற பிள்ளைக்குக் குடுத்தால்தான் வரி இல்லை. கொப்பரோட ஒரே வீட்டில இருக்கிறது ஆர்? உன்ரை தம்பி. கடுதாசியிலை அவன்தான் கமக்காரன். மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டமே அவனுக்குத்தான் எழுதி வைச்சிருக்கு. மாமா இருக்கேக்கையே வித்துப் பிரிச்சால் ஆளுக்குப் பாதி. செத்தால் உனக்கு ஒரு புடலங்காய்."

பிரியந்தன் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உழவு இயந்திரத்தில் ஏறுவான். அவன் கமக்காரனாம். தொண்ணூற்றொன்றில் தையல் பக்டரி மூடி வேலை போனதிலிருந்து, ஒவ்வொரு மாசியும் தன் வீட்டு பேஸ்மென்ரில் ரியூப் லைற் கட்டி மூவாயிரம் கன்று வளர்க்கிறவள் அவள். விடிய எழும்பி விட்பிக்கு ஓடிப்போய் நட்டு, களை பிடுங்கி, ஆய்ந்து, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவளும் அவள்தான். ஆனால் அதெல்லாம் அப்பாவுக்கு ஒத்தாசை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் மாதா மாதம் காசு கொடுப்பார். சித்திரை பிறந்தால் சில கடுதாசிகளோடு வருவார். அவர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அப்பா காட்டுகிற இடத்தை வாசித்துப் பார்க்கிற பிள்ளை அவள் இல்லை.

இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். ஈஸ்ரர் திங்கட்கிழமை அப்பா காணியில் விழுந்து கிடந்தார் என்று போன் வந்தது. ஏப்ரல் சேற்றில் எழுபது வயதுக் கிழவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டபோது பிரியந்தன் மழுப்பினான். பிறகு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவனே போன் எடுத்து, "இண்டைக்கு வராதை அக்கா, அப்பா நல்ல நித்திரை," என்றான். புதன்கிழமை போனபோது நேர்ஸ், நேற்று உங்கள் ஆட்கள் நிறையப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள் என்று சொன்னாள். அம்மா அதைக் கேட்டும் கேளாதவள்போல் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அப்பா கண் விழித்தார். பேச்சு வரவில்லை. இடது கையில் ஊசி ஏற்றித் துணி சுற்றியிருந்தது. வலது கையால் அவளுடைய கையைப் பிடித்தார். உள்ளங்கையில் பெருவிரலை வைத்து அழுத்தினார். ஒருதரம் இல்லை, மூன்று தரம். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் தலையை ஆட்டினார். ஓம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு மணித்தியாலத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாரோ என்று நினைத்தாள்.

பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சனம் வரிசையாக வந்து பார்த்தது. அந்த வரிசையில் கறுப்புக் கோட்டும் ரையுமாக நீக்கிலாப்பிள்ளை வந்தார். மனிதர் சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் பிரியந்தனின் தோளைப் பிடித்துக் காதோடு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவர் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, செத்தவீட்டிலை கதைக்கிற கதையில்லை. எண்டாலும் திங்கட்கிழமைதான் கடைசி நாள். நாளைக்கு ஞாயிறெண்டாலும் நான் ஒப்பீஸ் திறப்பன். ஒரு கையெழுத்துத்தான்."

"என்ரை கையெழுத்தோ? எதுக்கு?"

அவர் பிரியந்தனைப் பார்த்தார். "தம்பி சொல்லேல்லையே? அப்ப தம்பி சொல்லுவார்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி மேசைப் பக்கம் நழுவிவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஜெயரட்ணத்துக்கு எல்லாம் கேட்டது. "விடுதலைப் பத்திரம்," என்றான் பல்லுக்குள்ளால். "உனக்கு ஒரு உருத்தும் இல்லையெண்டு நீயே எழுதிக் குடுக்கவேணும். போட்டிடாதை."

ஐயர் கொள்ளிக்குடத்துக்கு ஆயத்தம் செய்தார். பிரியந்தன் வேட்டியும் பூணூலுமாக, வெற்று மேலோடு வந்தான். இப்போது கையை ஒளிக்கப் பை இல்லை. ஐயர் குடத்தைத் தூக்கி அவனுடைய இடது தோளில் வைத்தார். அவன் இடது கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்தான். வெள்ளை நூல் சுற்றிய குடத்தின் மேல் அந்தப் பெருவிரல் பளிச்சென்று தெரிந்தது. ஊதா நிறம்.

கொடுத்தவர் விரலிலும் மை, வாங்கினவன் விரலிலும் மை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"நில்லு," என்றாள் புனிதவதி.

மந்திரம் நின்றது.

"உன்ரை பெருவிரலிலை என்ன அது?"

"அக்கா, பிறகு கதைப்பம்."

"இப்ப சொல்லு. அப்பான்ரை விரலிலையும் அதே மைதான். என்னை வராதை எண்டுபோட்டு, சாகக் கிடந்த மனிசன்ரை கையைப் பிடிச்சு உருட்டினியோ? இருபத்து நாலு ஏக்கரும் காணுமோ உனக்கு? அந்த மண்ணிலை உன்ரை வியர்வை ஒரு துளி விழுந்திருக்கோ?"

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

"புனிதா, வாயை மூடு," என்றாள் அம்மா. அவள் குரல் அழுகைக் குரலாக இல்லை.

பிரியந்தன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஜெயரட்ணத்தை ஒருதரம் பார்த்தான். தோளில் இருந்த குடத்துத் தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது.

"எல்லாம் முடிச்சுப்போட்டுத் தோட்டத்துக்கு வா," என்றான். "தனிய வா."

"செத்தவீட்டிலை இதெல்லாம் கதைக்கிறதே, புனிதா," என்று ஜெயரட்ணம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அவளுடைய முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பிடி இதமாகத்தான் இருந்தது.

ஐயர் மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். குடம் மூன்று சுற்றுச் சுற்றியது. சுடலை என்பது அடுத்த கட்டடம்தான். இரும்புக் கதவுக்கு முன்னால் பிரியந்தன் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினான். வலது கையால்தான் அழுத்தினான்.

விட்பி வீட்டுக்கு வரும்போது பின்னேரம் நாலு மணி. எல்லோரும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு, கடையிலிருந்து வந்த சோற்றைக் கடதாசிக் கோப்பையில் வைத்துத் தின்றார்கள். புனிதவதி தன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள். ஜெயரட்ணம் முற்றத்தில் நின்று யாருடனோ வட்டி வீதம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். அவள் பின்கதவால் இறங்கிக் கொட்டிலுக்கு நடந்தாள்.

அம்மா ஏற்கனவே அங்கே இருந்தாள், கவிழ்த்து வைத்த காய்ப்பெட்டி ஒன்றின் மேல். பிரியந்தன் அப்பாவின் பிக்கப் கதவைத் திறந்து, முன் தட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தான்.

"சபையிலை கேட்டனி. சபையிலை சொல்லேலாத பதில், அதுதான் இஞ்ச கூப்பிட்டனான்," என்றான். "வாசி."

முதலில் இருந்தது ஆங்கிலத்தில் லோயர் எழுதின இறுதிச் சாசனம். கீழே அப்பாவின் நடுங்கின கையெழுத்து. அதற்குள் தன் பெயரைக் கண்டாள். அவசரத்தில் அடுத்த தாளைப் புரட்டினாள். அது அம்மாவின் கையெழுத்தில், தமிழில் எழுதின தாள்.

விட்பிப் பட்டணத்துக்கு வடக்கே உள்ள காணி இருபத்து நாலு ஏக்கரும், அதிலுள்ள வீடும் கொட்டிலும், இராசரத்தினம் ஆகிய நான் என் மகள் புனிதவதிக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். என் மனைவி கமலாம்பிகைக்குச் சாகும்வரை வீட்டில் இருக்கச் சீவிய உருத்து உண்டு. என் மகன் பிரியந்தன் இதற்குச் சம்மதம்.

கீழே நாலு பெயர்கள். மூன்று பெயர்களுக்கு நேரே மூன்று ஊதா ரேகைகள். நாலாவது பெயர் அவளுடையது. அதற்கு நேரே வெறுமையாக இருந்தது.

அவள் இரண்டாம் தரம் வாசித்தாள். எழுத்து ஒன்றும் மாறவில்லை.

"உது சட்டத்துக்குச் செல்லாது," என்றான் பிரியந்தன். "செல்லுறது மற்றது. லோயர் பொம்பிளை செவ்வாய்க்கிழமை வந்து ஒழுங்கா எழுதிச் சாட்சியும் வைச்சவ. அது மட்டும் காணுமெண்டு அப்பா ஒத்துக்கொள்ளேல்லை."

"கைநாட்டு இல்லாத உறுதியும் உறுதியோ எண்டு கேட்டார்," என்றாள் அம்மா. "வாய் குழறிக் குழறிச் சொல்லச் சொல்ல நான் எழுதினன். இவன் இஞ்ச வந்து மையை எடுத்துக்கொண்டு ஓடினவன். அந்த மனிசி சிரிச்சா. சிரிச்சால் என்ன? விரல் வைச்ச பிறகுதான் அந்தாள் தலையைச் சாய்ச்சவர்."

"எனக்கெண்டு…" புனிதவதி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பயிர் செய்யிற பிள்ளைக்குத்தானே…"

"வேறை ஆர் செய்தது?" என்றான் அவன். "என்ரை சம்பளத்துக்கு முன்னாலை தோட்டம் ஒரு விளையாட்டு எண்டுதான் வரிக்காரன் சொல்லுவான். அப்பாவுக்குப் பென்சன். உனக்கு இதைவிட்டால் வேறை வருமானம் இல்லை. தொண்ணூத்திரண்டிலை இருந்து கடைக்காசு எல்லாம் உன்ரை பேரிலைதான் காட்டினது. பொய் இல்லை அக்கா. நீ நட்டாய், நீ வித்தாய். மூண்டாவது வருசத்துக் கடுதாசி இது. திங்கட்கிழமைக்குள்ளை குடுக்கவேணும்."

உறையின் அடியில் இருந்த வரிப் பத்திரத்தை எடுத்து நீட்டினான். அவளுடைய பெயர், மில்லிக்கன் விலாசம். தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்: விவசாயி. இரண்டு வருடமாக அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறாள், ஒருதரமும் பார்க்காமல்.

இருநூறு பேருக்கு முன்னால் கேட்ட கேள்வி திரும்பி வந்து அவளுடைய காதிலேயே விழுந்தது.

"இதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. ஏன் ஒளிச்சனீங்கள்? நான் என்ன பிறத்தியோ?"

பிரியந்தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா நிலத்தைப் பார்த்தாள். அவன் கொட்டிலின் மூலைக்குப் போய், சாக்கை விலக்கி, நாலைந்து மரக்கட்டைகளைத் தூக்கி வந்து அவளுக்கு முன்னால் போட்டான். ஒவ்வொன்றின் தலையிலும் செம்மஞ்சள் நாடா கட்டியிருந்தது. கூரான முனைகளில் சேறு காய்ந்திருந்தது.

"பெரிய வெள்ளிக்கு முதல்நாள் ரெண்டு பேர் வந்து காணி அளந்து இதுகளை அடிச்சிட்டுப் போனவங்கள். ஆர் அனுப்பினது எண்டு கேட்டன். அத்தான்ரை பேரைச் சொன்னாங்கள். விலை பேசி முடிஞ்சுதாம். உன்ரை சம்மதமும் இருக்காம்."

"எனக்குத் தெரியாது," என்றாள். பிறகு இன்னொருதரம், மெல்ல, "எனக்குத் தெரியாதடா," என்றாள்.

மில்லிக்கனில் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அட்டை அவளுடைய கண்ணுக்குள் வந்தது. வீடு கட்டுகிற கம்பனிக்காரன் ஒருவனின் பெயர். மாரி முழுவதும் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாள்.

"தெரியாதெண்டுதான் அப்பாவும் சொன்னவர். எண்டாலும் உன்னட்டைச் சொன்னால் அண்டைக்கு இரவே அத்தானுக்குப் போயிடும், அவர் வந்து கட்டிலடியிலை நிப்பார், எழுதி முடியுமட்டும் சொல்லாதை எண்டவர்." அவன் ஒரு கட்டையைக் காலால் புரட்டினான். "ஈஸ்ரர் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபிறகு அப்பா தனியப் போய் இதுகளைப் பிடுங்கினவர். அஞ்சு கட்டையைப் பிடுங்கிப்போட்டார். ஆறாவதுக்குப் பக்கத்திலைதான் விழுந்து கிடந்தவர்."

புனிதவதி கட்டைகளை எண்ணினாள். ஐந்துதான் இருந்தன.

வெளியே காரின் ஹோர்ன் அடித்தது. ஜெயரட்ணம்தான். அவன் அடிக்கிற முறை அவளுக்குத் தெரியும்: இரண்டு குறுக்கம், ஒரு நீட்டு.

அவள் வரிப் பத்திரத்தைப் பிக்கப்பின் முன்பக்கத் தகரத்தில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். விளங்கினதும் உண்டு, விளங்காததும் உண்டு. வாசித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தமிழ்த் தாளை எடுத்தாள்.

"மை இருக்கோ?"

பிரியந்தன் முத்திரைப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அம்மா எழுந்து கிட்ட வந்தாள்.

"செத்தவீட்டுத் துடக்கோட விரல் வைக்கலாமோ தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுச் சற்று யோசித்தாள். "வை. அந்தாள் இன்னும் தூரம் போயிருக்கமாட்டார்."

புனிதவதி இடது பெருவிரலை மையில் தோய்த்துத் தன் பெயருக்கு நேரே வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருட்டினாள். அப்பா அவளுடைய உள்ளங்கையில் பெருவிரலை எதற்காக அழுத்தினார் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"அத்தான் நிக்கிறார். போ," என்றான் அவன். தாளை வாங்கி, மை காயட்டும் என்று மெல்ல ஊதினான்.

பழைய துணியால் விரலைத் துடைத்துப் பார்த்தாள். ஊதாதான் இன்னும் பரவியது.

கார் தெருவுக்கு ஏறியது. வலப்பக்கத்தில் காணி, ஈரமாக, கறுப்பாக, உழாமல் கிடந்தது. தூரத்தில், வேலியோரம், ஒற்றைக் கட்டை ஒன்றில் செம்மஞ்சள் நாடா காற்றில் ஆடியது. ஜெயரட்ணம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன, காட்டினவனோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"அம்மாவுக்குச் சீவிய உருத்தாம்."

"பாத்தியே? கிழவிக்கு வீடு, அவனுக்குக் காணி. நான் சொன்னதுதானே நடந்தது." அவன் குரலில் கவலை இருந்தது. நல்ல கவலை. ஒரு மாரி முழுவதும் அதைக் கேட்டு அவள் நித்திரை கொண்டிருக்கிறாள். "நீ யோசியாதை. திங்கட்கிழமை நான் ஒரு லோயரைப் பிடிக்கிறன். உனக்காக நான் இருக்கிறன்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவன் ஸ்ரியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, ஆறுதலாக, அவளுடைய மடிப்பக்கம் நீட்டினான். புனிதவதி இடது பெருவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினாள். அதன்மேல் வலது கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"கை குளிருதோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள். "லைற் மாறிட்டுது. எடுங்கோ."